ராஜாஜி: பதவிக்கு வெளியே ஒருவர், பதவியில் வேறொருவரா?

திருச்சிக்காரன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ராஜாஜியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நம் ஊரில் பேச்சு இரண்டே நிமிடத்தில் கிராமப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்த 1953ஆம் ஆண்டுக் கல்வித் திட்டத்தில் போய் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் போகாதவர்கள் 'மூதறிஞர்' என்று கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். 1878 டிசம்பரில் ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, 1972 டிசம்பரில் சென்னையில் இறந்தவர். சேலத்தில் வக்கீல், நகராட்சித் தலைவர், காந்தியின் நெருங்கிய தோழர், பின்னாளில் சம்பந்தி, மாகாணப் பிரதமர் (அன்று முதலமைச்சருக்கு அந்தப் பெயர்தான்), மேற்கு வங்க ஆளுநர், கடைசி கவர்னர் ஜெனரல், மத்திய உள்துறை அமைச்சர், முதலமைச்சர், அப்புறம் காங்கிரஸை எதிர்த்தே ஒரு கட்சியைத் தொடங்கியவர். இவ்வளவு நீண்ட வாழ்க்கையை எடைபோட ஒரே ஒரு திட்டம் போதாது.

என் எண்ணம் இதுதான். பதவியில் இல்லாத ராஜாஜி மக்களிடம் நடந்து போனார். பேசினார், வாதாடினார், காத்திருந்தார். பதவிக்கு வந்த ராஜாஜி தனக்குச் சரி என்று பட்டதை உத்தரவாகப் போட்டார். அவருடைய பெரிய வெற்றிகள் முதல் வகை. பெரிய தோல்விகள் இரண்டாம் வகை.

முதல் வகைக்கு 1930 வேதாரண்யம் உப்புச் சத்தியாகிரகம் ஒன்றே போதும். ஏப்ரல் 13, தமிழ்ப் புத்தாண்டு நாள். திருச்சியில் டாக்டர் டி.எஸ்.எஸ். ராஜன் வீட்டிலிருந்து சுமார் 100 தொண்டர்களோடு கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம், வலங்கைமான், நீடாமங்கலம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாகச் சுமார் 150 மைல். அப்போது தஞ்சை கலெக்டராக இருந்த தார்ன், தொண்டர்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ சிறை என்று ஊர் ஊராக அறிவித்தார். ஜனங்கள் என்ன செய்தார்கள்? சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டிவைத்தார்கள். சோறு போட்டது யார் என்று போலீஸ் யாரைப் பிடிக்கும்? வேதாரண்யத்தில் வேதரத்தினம் பிள்ளை எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். ஏப்ரல் 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளி, ராஜாஜி கைதானார். நாமக்கல் கவிஞரின் 'கத்தியின்றி ரத்தமின்றி' இந்த நடைப்பயணத்துக்காகப் பிறந்த பாட்டு.

50 வயதைத் தாண்டிய, ஒல்லியான, அடிக்கடி உடம்பு படுத்திய ஒரு வக்கீல், வெயில் காலத்தில் காவிரிப் படுகை முழுக்க நடக்கிறார். அவர் யாருக்கும் உத்தரவு போடவில்லை. உத்தரவு போட்டது தார்ன். ஜெயித்தது யார் என்று நமக்குத் தெரியும். இதை நேரில் பார்த்த மனிதர் எட்டு வருடம் கழித்து இந்தியைக் கட்டாயமாக்கினார் என்பதுதான் எனக்குப் புரியாத இடம்.

---

சேலத்தான் எழுதியது:

நல்ல இழை. ஆனால் உங்கள் கோடு கொஞ்சம் நேராக இருக்கிறது நண்பரே. எங்கள் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

1937 ஜூலையில் மாகாணப் பிரதமர் ஆகிறார். அக்டோபர் 1ஆம் தேதியே சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு வந்துவிட்டது. சட்டம்தான், உத்தரவுதான். ஆனால் அது திடீரென்று மேலே இருந்து விழுந்த உத்தரவு இல்லை. 1925லேயே திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் ஆரம்பித்துவிட்டார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வக்கீல் தொழிலை விட்டவர், மனைவியை இழந்தவர், பிள்ளைகளோடு அந்த வறண்ட பூமியில் வந்து உட்கார்ந்தார். கதர் நூற்பு, மருந்து, கிணறு, தாழ்த்தப்பட்ட மக்களோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பாடு என்று வருடக்கணக்கில் வேலை நடந்தது. கள்ளுக்கடை ஒழிப்புக்காகவே 'விமோசனம்' என்று ஒரு பத்திரிகை அங்கிருந்து வந்தது. கல்கி கிருஷ்ணமூர்த்தி அதில்தான் அவருக்குக் கைகொடுத்தார்.

ஆகவே 1937ல் சட்டம் வந்தபோது அந்த ஊர்களுக்கு அது புதுச் செய்தி இல்லை. பன்னிரண்டு வருடமாகக் காதில் விழுந்த பேச்சு. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் அந்த ஒன்றிரண்டு வருடங்களைப் பற்றிச் சொல்லும்போது, கூலி முழுசாக வீட்டுக்கு வந்தது என்பதைத்தான் முதலில் சொல்வார்கள்.

கள்ளிலிருந்து வந்த வருமானம் போனதற்கு ஈடாக 1939ல் பொது விற்பனை வரி கொண்டுவந்தார். இந்தியாவிலேயே முதல் பொது விற்பனை வரி அதுதான். வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள். ஆனால் பிற்பாடு எல்லா மாநிலங்களும் அதை வைத்துத்தான் பல பத்தாண்டுகள் பிழைத்தன.

---

வைகைக்கரை எழுதியது:

சேலத்தான் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 1939 ஜூலை 8 மதுரை. மதுரைக் காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரையும் நாடார் ஒருவரையும் கூட்டிக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். எதிர்ப்பு பயங்கரமாக இருந்தது. அவர்கள்மேல் வழக்கு வந்து சிக்கிக்கொள்ளக் கூடாது என்று ராஜாஜி அரசு உடனே பாதுகாப்புக் கொடுத்து, பிறகு அதைச் சட்டமாகவும் ஆக்கியது. ஊர் முழுக்கச் சம்மதிக்கட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கதவு இன்னும் எத்தனை காலம் மூடிக் கிடந்திருக்குமோ! உத்தரவு என்றாலே தப்பு என்று சொல்லிவிட முடியாது ஐயா. யாருக்காக உத்தரவு என்பதைப் பார்க்கணும்.

---

பழையதாள் எழுதியது:

எல்லோரும் மெதுவாக 1938ஐத் தாண்டிப் போகிறீர்கள். நான் போகமாட்டேன்.

1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயம் என்று ஆணை. அதற்கு எதிராகப் பெரியார், மறைமலை அடிகள், சோமசுந்தர பாரதியார் என்று ஒரு பக்கம் திரண்டார்கள். சுயமரியாதைக்காரரும் சைவத் தமிழறிஞரும் ஒரே மேடையில் நின்ற காலம் அது. மறியல் செய்தவர்களில் பெண்கள் கைக்குழந்தையோடு சிறைக்குப் போனார்கள். ஆயிரத்துக்கு மேல் கைது. நடராசனும் தாளமுத்துவும் 1939ல் காவலில் இருந்தபோது நோயுற்று உயிர்விட்டார்கள். ஈ.வெ.ரா.வுக்கு 'பெரியார்' என்ற பட்டத்தை 1938 நவம்பரில் பெண்கள் மாநாடு கொடுத்ததும் இந்தப் போராட்டக் காலத்தில்தான்.

எனக்கு எது பொறுக்கவில்லை தெரியுமா? மறியல்காரர்கள்மேல் பாய்ச்சிய சட்டம், குற்றவியல் திருத்தச் சட்டம். சட்டமறுப்புக் காலத்தில் காங்கிரஸ்காரர்களை அடக்க வெள்ளைக்கார அரசு பயன்படுத்திய அதே சட்டம். அதைக் கொடுமை என்று மேடைக்கு மேடை கண்டித்தவர்கள் ஆட்சிக்கு வந்ததும் கையில் எடுத்தார்கள். வேதாரண்யத்தில் கைதான மனிதர் இதைச் செய்தார். சட்டசபையில் கேட்டபோதும் பின்வாங்கவில்லை.

1939 அக்டோபரில் இரண்டாம் உலகப் போர் விஷயத்தில் அமைச்சரவை ராஜினாமா செய்த பிறகு, 1940 பிப்ரவரியில் அந்த ஆணையை விலக்கியது யார்? வெள்ளைக்கார ஆளுநர். நம்மவர் திணித்ததை அந்நியர் எடுத்தார். இந்த வரலாறு எனக்கு இன்றும் வலிக்கிறது.

---

மெய்ப்பொருள் எழுதியது:

பழையதாள் ஐயா சொன்ன எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் கதை 1940ல் முடியவில்லையே.

1938ல் இருந்த ராஜாஜிக்கு இந்தி என்பது காந்தி இயக்கத்தின் ஒரு பகுதி. 1918லிருந்து தென்னிந்தியாவில் இந்திப் பிரசாரம் காந்தியின் திட்டங்களில் ஒன்று. நாடு முழுவதும் சேர்ந்து வெள்ளைக்காரனை எதிர்க்க ஒரு பொது மொழி வேண்டும் என்று நினைத்தார். சுதந்திரம் வந்த பிறகு நிலைமை வேறாகிவிட்டது. இப்போது அந்த மொழி டில்லி அரசின் கையில், வேலைக்கும் பதவிக்கும் சாவியாக மாறப் போகிறது. தென்னாட்டுப் பையன் வடநாட்டுப் பையனோடு போட்டி போடும்போது பின்தங்கித்தான் நிற்பான் என்பதை 1950களிலேயே பார்த்துவிட்டார். அதன்பிறகு ஆங்கிலம் நீடிக்க வேண்டும் என்று கடைசிவரை எழுதினார், பேசினார். 1965ல் மாணவர்கள் தெருவில் இறங்கியபோது இந்தித் திணிப்புக்கு எதிரான குரல்களில் 86 வயது ராஜாஜியின் குரலும் ஒன்று. அப்போது அவர் கையில் எந்தப் பதவியும் இல்லை.

---

திருச்சிக்காரன் எழுதியது:

மெய்ப்பொருள், உங்கள் கடைசி வரி என் வாதத்துக்கே பலம் சேர்க்கிறது.

வைகைக்கரை கேட்டது நியாயமான கேள்வி. கோயில் நுழைவில் அரசு ஆணை, கதவை அடைத்து வைத்திருந்தவர்களுக்கு எதிராகப் போனது. இந்தி விஷயத்தில் அது பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்மேல் போய் விழுந்தது. ஒரே பிரதமர், இரண்டே வருடக் கால இடைவெளிக்குள் இரண்டும் நடந்தன. என் வாதத்தை நான் கைவிடவில்லை, ஆனால் இந்த வேறுபாட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

---

கொங்குமண் எழுதியது:

1953க்கு வருவோம். எங்கள் குடும்பம் சட்டிபானை செய்த குடும்பம். அப்பா அப்போது கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

திட்டம் இதுதான்: கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் ஐந்து மணி நேரப் படிப்பு மூன்று மணி நேரமாகும். பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து மாற்றி மாற்றி வகுப்பு. மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோருக்குத் தொழிலில் உதவவேண்டும், இல்லாவிட்டால் ஊரில் உள்ள கைவினைஞரிடம் கற்கவேண்டும். ஏட்டில் பார்த்தால் அழகு. ஆனால் எங்கள் தாத்தா சொல்வாராம்: பிள்ளையை மண் மிதிக்க வைக்க எனக்குச் சர்க்கார் சொல்ல வேண்டியதில்லை, மண்ணிலிருந்து தூக்கிவிடத்தான் சர்க்கார் வேண்டும்.

அவருக்குக் கட்சி கிடையாது. பெரியார் கூட்டத்துக்கும் போனதில்லை, காங்கிரஸ் கூட்டத்துக்கும் போனதில்லை. 'குலக்கல்வி' என்று எதிர்க்கட்சிகள் பெயர் வைத்ததால்தான் மக்கள் எதிர்த்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இல்லவே இல்லை. யாரும் பெயர் வைக்காமலே அவருக்கு அது புரிந்தது. பையன் பாதி நாள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் அவனும் அவன் பிள்ளையும் அங்கேயே இருப்பார்கள்.

அப்பா பின்னாளில் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்தார். அந்த முழு நாள் பள்ளிக்கூடம் இல்லையென்றால் அது நடந்திருக்காது என்று கடைசிவரை சொன்னார்.

---

ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதியது:

தம்பி கொங்குமண், உங்கள் தாத்தா பேச்சு நெஞ்சில் நிற்கிறது. நான் தொடக்கப் பள்ளியில் பல காலம் வேலை பார்த்தவள். ராஜாஜி பக்கத்துக் கணக்கையும் சொல்கிறேன், பிறகு ஏன் அது எனக்கு ஒப்பவில்லை என்றும் சொல்கிறேன்.

அரசியலமைப்பின் 45ஆம் பிரிவு, பத்து வருடத்துக்குள் 14 வயதுவரை எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி தரவேண்டும் என்றது. 1950களின் தொடக்கத்தில் மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஐந்தில் ஒருவர் அளவுதான். கட்டடம் இல்லை, ஆசிரியர் இல்லை, பணம் இல்லை. இரண்டு அணி வைத்தால் அதே கட்டடத்தில், அதே ஆசிரியரை வைத்துக்கொண்டு இரண்டு மடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும். இந்தக் கணக்கில் பொய் எதுவும் இல்லை.

அப்படியானால் எங்கே தப்பு? முதலில், திட்டம் கிராமத்துக்கு மட்டும். நகரத்துப் பிள்ளைகளுக்கு முழு நேரப் படிப்பு அப்படியே இருந்தது. பணம் இல்லை என்றால் எல்லோருக்கும்தானே இல்லை? அடுத்தது, மதியப் பொழுதுக்குப் 'பெற்றோரின் தொழில்' என்று சொன்னது. இரண்டு அணி முறையை மட்டும் கொண்டுவந்து, மதியம் பிள்ளைகள் விளையாடட்டும் என்று விட்டிருந்தால்கூட இவ்வளவு எதிர்ப்பு வந்திருக்காது என்று நினைக்கிறேன். தொழில் என்பது நம் ஊரில் சாதியோடு கட்டிப்போட்ட விஷயம். அப்புறம் பெண் பிள்ளைகள். அவர்களுக்கு மதியம் என்ன தொழில்? அம்மாவோடு அடுப்படி. பாதி நாள் லீவு விட்டால் பெண் குழந்தை மறுபடி வகுப்புக்கு வருவதே சந்தேகம். இதை எந்த ஊர் ஆசிரியையைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார்.

அவர் ஏழைக் குழந்தைகளுக்குக் கெடுதல் செய்ய நினைத்தார் என்று நான் நம்பவில்லை. உடல் உழைப்பு மரியாதைக்குரியது என்று காந்தி வழியில் உண்மையாகவே நம்பியவர். ஆனால் தலைமுறை தலைமுறையாக உடல் உழைப்பை மட்டுமே செய்தவர்களிடம் போய் அதைச் சொல்லக் கூடாது.

---

வைகைக்கரை எழுதியது:

டீச்சர் அம்மா, அருமையாகச் சொன்னீர்கள். பெண் பிள்ளைகள் விஷயம் இவ்வளவு காலம் என் மண்டையில் ஏறவே இல்லை.

---

திருச்சிக்காரன் எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்ன 'கேட்டிருந்தால்' என்பதுதான் நான் பிடித்துக்கொண்டிருக்கும் புள்ளி.

அவர் எப்படி 1952ல் முதலமைச்சர் ஆனார் என்று பார்க்கணும். முதல் பொதுத் தேர்தலில் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. ஆந்திரத் தலைவர் பிரகாசம் தலைமையில் எதிர் அணி ஆட்சிக்கு உரிமை கேட்டது. தேர்தலில் நிற்காத ராஜாஜியை ஆளுநர் ஸ்ரீபிரகாசா மேலவைக்கு நியமித்தார், அங்கிருந்து முதலமைச்சர் ஆனார். மக்களிடம் ஓட்டுக் கேட்காமல் வந்தவர். பொதுவாக ஆள்வது வேறு. ஒவ்வொரு கிராமத்து வீட்டுப் பிள்ளையின் நாளையும் இரண்டாக வெட்டும் திட்டத்தை, அப்படிப்பட்ட நாற்காலியில் இருந்துகொண்டு, சொந்தக் கட்சிக்காரர்களையே முழுதாகச் சம்மதிக்க வைக்காமல் போட்டார்.

1953 ஜூலையில் திட்டத்தைக் கைவிடக் கோரும் தீர்மானம் சட்டசபையில் 138க்கு 138 என்று சமமாக நின்று, சபாநாயகரின் வாக்கால்தான் தோற்றது. அத்தோடு நிறுத்தி ஊர் ஊராகப் போய்ப் பேசியிருக்கலாம். 1930ல் அவர் செய்தது அதுதானே. செய்யவில்லை. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சர் ஆனார், மே மாதமே திட்டம் போனது.

---

மெய்ப்பொருள் எழுதியது:

1953ல் அவர் செய்த இன்னொன்றை ஒருவரும் சொல்லவில்லையே. சென்னை.

பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திரா கேட்டு உண்ணாவிரதம் இருந்து 1952 டிசம்பரில் இறந்தார். ஆந்திரா பிரிவது உறுதியானது. சென்னை நகரம் ஆந்திராவுக்கு வேண்டும், அல்லது கொஞ்ச காலத்துக்காவது அங்கே தலைநகர் இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். தமிழரசுக் கழகத் தலைவர் ம.பொ.சி. தெருவில் இறங்கிப் போராடினார், மாநகராட்சி எதிர்த்தது. முதலமைச்சர் நாற்காலியிலிருந்து ராஜாஜி டில்லியிடம் கொஞ்சமும் இறங்கிவரவில்லை. தற்காலிகத் தலைநகர் என்ற பேச்சுக்குக்கூட இடம் கொடுக்கவில்லை. 1953 அக்டோபர் 1ல் ஆந்திரா பிரிந்தது, சென்னை நம்மிடம் இருந்தது. பதவியில் இருந்த ராஜாஜி தோற்றார் என்று எழுதும்போது இதையும் கணக்கில் வையுங்கள்.

1952ல் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கியதும் அப்படித்தான். ரேஷனை எடுத்தால் பஞ்சம் வரும் என்று அதிகாரிகள் பயமுறுத்தியபோது துணிந்து எடுத்தார். பதுக்கியிருந்த அரிசி சந்தைக்கு வந்தது.

---

எல்லைக்கோடு எழுதியது:

தமிழ்நாட்டு விஷயமே ஓடிக்கொண்டிருக்கிறது. என் பார்வையில் அவர் வாழ்க்கையின் மிகத் துணிவான பகுதி 1942 முதல் 1944 வரை. அதைப் பற்றி நம் பள்ளிப் புத்தகங்களில் ஒரு பத்தி வந்தாலே அதிகம்.

1942 ஏப்ரலில் சென்னைச் சட்டமன்றக் காங்கிரஸ் உறுப்பினர்களைக் கூட்டி, முஸ்லிம் லீகின் பிரிவினைக் கோரிக்கையைக் கொள்கையளவில் ஏற்றுக்கொண்டு அவர்களோடு சேர்ந்து தேசிய அரசு அமைக்க வேண்டும் என்று தீர்மானம் போட வைத்தார். அலகாபாத்தில் அகில இந்தியக் காங்கிரஸ் கமிட்டி அதை 120க்கு 15 என்று தூக்கி எறிந்தது. காங்கிரஸிலிருந்து விலகினார். ஆகஸ்டில் 'வெள்ளையனே வெளியேறு' வந்தது. ஜப்பான் வாசலில் நிற்கும்போது, லீகோடு உடன்பாடு இல்லாமல், இது வேண்டாம் என்றார். நாடே சிறைக்குப் போனபோது அவர் வெளியே இருந்தார். எவ்வளவு ஏச்சு வாங்கியிருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

1944ல் வெளியான அவருடைய திட்டத்தின் சாரம் இது. லீக் சுதந்திரக் கோரிக்கையை ஆதரித்து இடைக்கால அரசில் சேர வேண்டும். போர் முடிந்த பிறகு வடமேற்கிலும் கிழக்கிலும் முஸ்லிம்கள் அறுதிப் பெரும்பான்மையாக உள்ள அடுத்தடுத்த மாவட்டங்களை ஒரு குழு வரையறுக்க வேண்டும். அந்த மாவட்டங்களில் வாழும் எல்லா மக்களும் வாக்களித்துப் பிரிவதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். பிரிந்தாலும் பாதுகாப்பு, வாணிகம், போக்குவரத்து ஆகியவற்றுக்கு ஒப்பந்தம் இருக்க வேண்டும். இடம்பெயர்வு அவரவர் விருப்பப்படி மட்டுமே.

காந்தி இதை ஏற்று 1944 செப்டம்பரில் பம்பாயில் ஜின்னாவின் வீட்டுக்கே போய்ப் பேசினார். ஜின்னா ஒப்பவில்லை. முழு மாகாணங்கள் வேண்டும், முஸ்லிம்கள் மட்டும் முடிவு செய்ய வேண்டும் என்றார். கடைசியில் 1947ல் என்ன கிடைத்தது? அதே மாவட்டக் கணக்கில் பஞ்சாபும் வங்காளமும் வெட்டுப்பட்டன. ஆனால் ராஜாஜி கேட்ட பொது வாக்கெடுப்பு இல்லை, பாதுகாப்பு ஒப்பந்தம் இல்லை, விருப்ப இடம்பெயர்வு இல்லை. லட்சக்கணக்கில் உயிர் போனது.

திருச்சிக்காரன் அண்ணே, இந்த விஷயத்தில் அவர் உத்தரவு போடவில்லை. யாரும் கேட்காதபோதும் சொன்னார். உங்கள் கோட்டில் இது முதல் பக்கம்தான்.

---

பழையதாள் எழுதியது:

எல்லைக்கோடு, மதிக்கிறேன். ஆனால் 1942ல் சிறைக்குப் போய் மூன்று வருடம் வாடிய தமிழ்நாட்டுத் தொண்டர்கள் வெளியே வந்தபோது, வெளியில் இருந்தவர் மறுபடி தலைமைக்கு வருவதை ஏன் எதிர்த்தார்கள் என்பதையும் புரிந்துகொள்ள வேண்டும். காமராஜர் பக்கம் கட்சி நின்றதற்குச் சாதி மட்டும் காரணம் இல்லை. அந்தத் தியாகத்தின் கோபமும் இருந்தது.

---

காகிதக்கப்பல் எழுதியது:

ஒரு சந்தேகம். பெரியாரும் ராஜாஜியும் இவ்வளவு மோதியும் நண்பர்கள் என்கிறார்களே, உண்மையா?

---

சேலத்தான் எழுதியது:

உண்மைதான். ஒருவர் ஈரோடு நகராட்சித் தலைவர், மற்றவர் சேலம் நகராட்சித் தலைவர். இரண்டு பேரும் பதவியை விட்டுவிட்டுக் காங்கிரஸில் முழுநேரமாக இறங்கியவர்கள். 1925ல் புதுப்பாளையம் ஆசிரமத்தைத் திறந்து வைத்தவரே ஈ.வெ.ரா.தான். அதே வருடக் கடைசியில் சாதிவாரி இடஒதுக்கீடு கேட்ட வகுப்புரிமைத் தீர்மானத்துக்காகக் காஞ்சிபுரம் மாநாட்டிலிருந்து வெளியேறினார். அதன்பிறகு பொதுவாழ்வில் ஒருநாளும் ஒரே பக்கம் நின்றது அபூர்வம். 1952 உணவுக் கட்டுப்பாடு நீக்கத்தைப் பெரியார் பாராட்டினார், அடுத்த வருடமே கல்வித் திட்டத்தை எதிர்த்து ஊர் ஊராகப் போனார். ஆனாலும் ராஜாஜி இறந்தபோது 93 வயதில் வந்து கண்கலங்கி நின்றார்.

---

எல்லைக்கோடு எழுதியது:

கவர்னர் ஜெனரல் காலத்தையும் ஒரு வரியாவது தொடவேண்டும். 1948 ஜூனில் மவுண்ட்பேட்டனுக்குப் பிறகு பதவி ஏற்று 1950 ஜனவரி 26 வரை. நாட்டில் உணவுத் தட்டுப்பாடு இருந்த நேரம், மாளிகை நிலத்தில் கோதுமை பயிரிட வைத்தார். வேட்டி துண்டோடு அந்த மாளிகையில் இருந்தார். மேற்கு வங்க ஆளுநராகப் போனபோது, சுபாஷ் போஸை முன்பு எதிர்த்தவர் என்று கல்கத்தாவில் கறுப்புக்கொடி காட்டினார்கள். அவர் கோபப்படாமல் வேலையைப் பார்த்தார்.

---

காகிதக்கப்பல் எழுதியது:

அவர் தொடங்கிய சுதந்திராக் கட்சி பற்றி? 'பெர்மிட் லைசென்ஸ் கோட்டா ராஜ்' என்றதும் அவர்தானே?

---

மெய்ப்பொருள் எழுதியது:

ஆமாம், அவர் தந்த சொல்தான். எதற்கெடுத்தாலும் அரசு அனுமதி வாங்க வேண்டிய ஆட்சி முறையை அப்படிச் சொன்னார். 1959 ஜனவரியில் நாகபுரிக் காங்கிரஸ் கூட்டுறவுப் பண்ணை பற்றித் தீர்மானம் போட்டது. அதை எதிர்த்து அதே ஜூனில் கட்சி. என்.ஜி. ரங்கா, மினூ மசானி உடன் நின்றார்கள். 80 வயதில் ஒரு மனிதர், நேரு உச்சத்தில் இருந்த காலத்தில், தனியார் தொழிலுக்காகவும் உழவரின் நில உரிமைக்காகவும் தேசியக் கட்சி தொடங்குகிறார். 1962ல் 18 மக்களவை இடங்கள், 1967ல் 44. அப்போது மக்களவையில் பெரிய எதிர்க்கட்சி அதுதான். 1967ல் அண்ணாவோடு கூட்டுச் சேர்ந்து காங்கிரஸைத் தமிழ்நாட்டில் வீழ்த்தினார்.

1962ல் அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்ல அமெரிக்காவுக்கே போனார். திவாகர், சிவராவ் என்ற இருவரும் கூடப் போனார்கள். மேல்நாட்டுக்கு அவர் போன முதல் பயணம் அது, வயது 83. கென்னடியோடு பேச்சு குறித்த நேரத்தைத் தாண்டி நீண்டது. அடுத்த வருடம் பகுதிச் சோதனைத் தடை ஒப்பந்தம் வந்தது. இவரால் வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆட்சி கையில் இல்லாத ஒரு கிழவர் போய்க் கேட்டார்.

---

கொங்குமண் எழுதியது:

சுதந்திராவில் மன்னர்களும் ஜமீன்தார்களும் பெரிய முதலாளிகளும் நிரம்பியிருந்தார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். லைசென்ஸ் ஒழிந்தால் சிறு வியாபாரிக்கும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நிலச் சீர்திருத்தத்தை எதிர்த்த கூட்டத்தோடு நின்றதை எங்கள் பக்கம் மறக்கவில்லை. நிலமே இல்லாதவனுக்கு நில உரிமைப் பேச்சில் என்ன கிடைக்கும்?

---

திருச்சிக்காரன் எழுதியது:

கொங்குமண், அது வலுவான கேள்வி. அதற்கு அவரிடம் நல்ல பதில் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அறங்காவலர் போலச் செல்வர்கள் நடந்துகொள்ள வேண்டும் என்ற காந்தியின் எண்ணத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1971ஐச் சொல்லாமல் விட மனமில்லை. தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், கொட்டும் மழையில் முதலமைச்சர் கருணாநிதியின் வீட்டுக்கே போனார், வேண்டாம் என்று கேட்டுக்கொள்ள. 92 வயது. அந்த வருடத் தேர்தலில் காமராஜரோடு சேர்ந்து தி.மு.க.வை எதிர்த்துத் தோற்றவர். போனால் பலன் இருக்காது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? இரண்டு முறை இந்த மாகாணத்தை ஆண்டவர், மனுக்கொடுப்பவரைப் போலப் போய் நின்றார். 1930ல் நடந்த மனிதரை நான் இந்த இடத்தில் மறுபடி பார்க்கிறேன்.

---

பழையதாள் எழுதியது:

மரியாதைக்குரிய செயல், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அரசு பக்கத்தையும் சொல்லணும். மதுவிலக்கைப் புதிதாகக் கொண்டுவரும் மாநிலங்களுக்குத்தான் மானியம், ஏற்கெனவே வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கு இல்லை என்று மத்திய அரசு சொன்னது. சுற்றிலும் உள்ள மாநிலங்களில் கடைகள் திறந்திருக்க, இங்கே கஜானா காலி. 1974ல் அதே கருணாநிதி அரசு மறுபடி மதுவிலக்கைக் கொண்டுவந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

---

சேலத்தான் எழுதியது:

பழையதாள் ஐயா, 1937லும் கஜானா கேள்வி இருந்ததே. அன்று வெள்ளைக்கார ஆட்சிக்கு உட்பட்ட மாகாண அரசு, டில்லியிலிருந்து சல்லிக்காசு மானியம் கிடையாது. ஒரு மாவட்டத்தில் தொடங்கி, பிறகு சித்தூர், கடப்பை, வடஆற்காடு என்று படிப்படியாக நீட்டினார். ஒவ்வொரு படியிலும் போகும் வருமானத்தைக் கணக்குப் பார்த்து, அதற்கு ஈடாக விற்பனை வரியைக் கொண்டுவந்தார். 1948ல் ஓமந்தூரார் அரசு மாகாணம் முழுவதும் மதுவிலக்கைப் பரப்ப முடிந்ததற்கு அந்த வரியும் ஒரு காரணம். 1971ல் விற்பனை வரி இன்னும் பெரிய வருமானமாக வளர்ந்திருந்தது. அதை வைத்துச் சமாளித்திருக்க முடியுமா என்று அந்த ஆண்டு வரவு செலவுக் கணக்கை யாராவது எடுத்துப் போட்டால் மேலே பேசலாம். நான் முடியும் என்றுதான் நினைக்கிறேன்.